ஏடிசி12 இங்காட்டா, கன்டெய்னர் ஸ்கிராப்பா, காயலான்கடைச் சரக்கா: வடசென்னை வார்ப்புப் பட்டறைக்கு எது கட்டுப்படியாகும்?

வியாசர்பாடி, மாதவரம், மணலி, திருவொற்றியூர் பக்கம் மாதம் இருபது முப்பது டன் அலுமினியம் உருக்கி எஃகு அச்சில் பாகம் வார்க்கும் டை காஸ்டிங் பட்டறைகளுக்கு உலோகம் வாங்க நாலு வழி இருக்கிறது. ஒன்று, நால்கோ, ஹிண்டால்கோ, வேதாந்தா போன்றவர்களின் 99.7% முதன்மை இங்காட், அதாவது தாதுவிலிருந்து எடுத்த புது அலுமினியக் கட்டி. இரண்டு, மறுசுழற்சி ஆலைகள் கலவை சரிபார்த்துக் கட்டுக்கட்டாக அனுப்பும் ஏடிசி12, எல்எம்24 இங்காட் (சிலிக்கானும் செம்பும் கலந்த டை காஸ்டிங் கலவைகள்). மூன்று, கன்டெய்னரில் வந்திறங்கும் இறக்குமதி ஸ்கிராப். நாலு, நம்மூர் காயலான்கடைச் சரக்கு.

இந்த நாலையும் வாங்கும் விலையை வைத்து ஒப்பிடுவதுதான் வழக்கம். அந்த ஒப்பீடு எப்போதும் ஸ்கிராப் பக்கமே சாயும். ஒப்பிட வேண்டியது வேறு விலை: ஸ்பெக்ட்ரோ (கலவையை அளக்கும் கருவி) ரிப்போர்ட்டில் தேறி, அச்சுக்குள் ஊற்றத் தயாராக உலையில் நிற்கும் ஒரு கிலோ உலோகம் என்ன விலைக்கு வந்தது என்பது. அந்தக் கணக்கைப் போட்டால் பல பட்டறைகளுக்குப் பதில் மாறிவிடும்.

இங்காட்டுக்கும் ஸ்கிராப்புக்கும் நடுவே ஏன் இவ்வளவு இடைவெளி

ஒரு டன் அலுமினியத்துக்கு நாலைந்து டன் பாக்சைட் தோண்ட வேண்டும். அதிலிருந்து சுமார் இரண்டு டன் அலுமினா. பிறகு மின்பகுப்புத் தொட்டியில் 400 கிலோவுக்கு மேல் கார்பன் ஆனோடு எரிந்து கரைய வேண்டும். இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுவது மின்சாரம்: டன்னுக்கு ஏறத்தாழ 14,000 யூனிட். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு அது நாலரை வருஷத்துக்கும் மேல் வரும். பழைய அலுமினியத்தை உருக்க இதில் சுமார் 5% ஆற்றல் போதும். ஸ்கிராப் என்பது ஒருவகையில் உறைந்து கிடக்கும் மின்சாரம். அதனால்தான் உலகம் முழுக்க அதற்குப் போட்டி.

மின்சாரம் கட்டுப்படியாகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. சேர்வராயன் மலை, கொல்லிமலை பாக்சைட்டை நம்பி 1965-இல் மேட்டூரில் தொடங்கிய மால்கோ உருக்காலை 2008-இல் நின்றது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் முதன்மை அலுமினியம் கிடையாது. ஒடிசா, சத்தீஸ்கர், உத்தரப் பிரதேசத்திலிருந்து லாரியிலோ ரயிலிலோ வர வேண்டும்.

உலகில் வருஷத்துக்கு ஏழு கோடி டன்னுக்குச் சற்று மேல் முதன்மை அலுமினியம் உற்பத்தியாகிறது. அதில் ஏறக்குறைய 60% சீனா. இரண்டாம் இடத்தில் இருக்கும் இந்தியா 42 லட்சம் டன்னை ஒட்டித்தான். சீனா தன் உருக்காலைத் திறனுக்கு 4.5 கோடி டன் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதை நெருங்கியும் விட்டது. இனிமேல் விலை ஏறும்போது முன்போல சீனா புது ஆலை திறந்து விலையை அடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

முதன்மை இங்காட்: எங்கே தேவை, எங்கே வீண்

உள்நாட்டு ஆலைகள் விலை வைக்கும் முறை எளிது. எல்எம்இ (லண்டன் உலோகச் சந்தை) விலை, அதன் மேல் பிரீமியம், டாலர் மாற்று விகிதம், 7.5% சுங்கவரி, அந்த வரியின் மேல் பத்து சதவீத சமூக நல வரி. இறக்குமதி செய்தால் என்ன விலை ஆகுமோ அதையொட்டித்தான் ஒடிசா சரக்கும் விற்கிறது. எல்எம்இ 2,600 டாலர், பிரீமியம் 150, டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் கிலோ 253 ரூபாய் வரும், ஜிஎஸ்டி தனி. (இந்தக் கட்டுரையில் வரும் விலைகள் எல்லாம் கணக்கு விளங்குவதற்காக வைத்தவை. அன்றைய விலையைப் போட்டு நீங்களே ஓட்டிப் பாருங்கள்.)

இதை வைத்து ஏடிசி12 செய்தால் என்ன ஆகும்? நூறு கிலோவுக்கு 87.5 கிலோ அலுமினியம், 10.5 கிலோ சிலிக்கான், 2 கிலோ செம்பு. சிலிக்கான் கிலோ 200, செம்பு 850 என்றால், சரக்கு விலை மட்டும் கிலோவுக்கு 260 ரூபாய். உருக்குச் சேதம், சிலிக்கான் கரைய ஆகும் கூடுதல் டீசல் எல்லாம் சேர்த்தால் 275-ஐத் தொடும். எந்த வாடிக்கையாளரும் இந்த விலை தர மாட்டார், தரவும் தேவையில்லை.

முதன்மை இங்காட் நிஜமாகவே தேவைப்படும் இடம் ஏ356, எல்எம்25 போன்ற கலவைகள். ஏ356-இல் இரும்பு 0.20%-ஐத் தாண்டக் கூடாது. சக்கரம், பிரேக் சம்பந்தப்பட்ட பாகம், வெப்பச் சிகிச்சைக்குப் போகும் கிராவிட்டி வார்ப்பு ஆகியவற்றில் இரும்பு கூடினால் ஊசி ஊசியாகப் படிகம் வளர்ந்து, இழுத்தால் நீளாமல் ஒடியும். இங்கே ஸ்கிராப்பில் மிச்சம் பிடிக்க நினைப்பது வம்பு.

கன்டெய்னர் ஸ்கிராப்: கணக்கு இனிக்கும் இடம்

ஸ்கிராப்புக்குச் சுங்கவரி 2.5%தான். உலகச் சந்தையில் இதற்கென்று பெயர்கள் உண்டு: கலப்பு வார்ப்புச் சரக்கு 'டென்ஸ்', பழைய தகடு 'டெய்ன்ட் டேபர்', கார்களை அரைத்துப் பிரித்தது 'ஸோர்பா', அதிலிருந்து மிதக்கவிட்டு எடுத்த அலுமினியம் 'ட்விட்ச்', கார்ச் சக்கரம் 'ட்ரோமா'. ஏடிசி12 உருக்குபவருக்கு டென்ஸும் ட்விட்சும்தான் பெரும்பாலும் பொருந்தும்.

டென்ஸ் கிலோ 190 ரூபாய்க்குப் பட்டறை வாசலுக்கு வருகிறது என்று வையுங்கள். ஒட்டியிருக்கும் இரும்பு, மண், எண்ணெய், உருக்குச் சேதம் எல்லாம் போக 90% தேறினால் 211 ரூபாய். ஆள் வைத்துப் பிரிக்க 3, டீசல் 12, ஃப்ளக்ஸும் (உருகிய உலோகத்தைச் சுத்தம் செய்யும் உப்புப் பொடி) கசடும் 3, சிலிக்கான், செம்பு திருத்தத்துக்கு 3. கப்பலில் மிதக்கும் இரண்டு மாதப் பணத்துக்கு வட்டி 4 ரூபாய். மொத்தம் 236.

ஏடிசி12 இங்காட் 235-க்கு வாங்கி, 2% சேதம், டீசல் 10 ரூபாய் சேர்த்தால் 250. ஆக ஸ்கிராப்பில் கிலோவுக்கு 14 ரூபாய் மிச்சம். இருபது டன்னுக்கு 2.8 லட்சம். இந்த எண்ணைப் பார்த்துத்தான் பலர் கன்டெய்னர் பக்கம் போகிறார்கள்.

இப்போது தேறுமானத்தை 90-லிருந்து 84 ஆக்கிப் பாருங்கள். 190-ஐ 0.84-ஆல் வகுத்தால் 226. மற்ற செலவைச் சேர்த்தால் 251. ஆறு சதவீதப் புள்ளியில் மொத்த லாபமும் போய்விட்டது. எஞ்சின் தலையில் இறுகியிருக்கும் வால்வு, புஷ், போல்ட் எல்லாம் அந்த ஆறு சதவீதத்துக்குள்தான் ஒளிந்திருக்கின்றன. அதனால் டென்ஸ் வாங்கும்போது பேச வேண்டியது விலையை மட்டுமல்ல; இரும்பு ஒட்டு எத்தனை சதவீதம் வரை ஏற்பது, தாண்டினால் எவ்வளவு கழிப்பது, யார் எடை செல்லும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவதையும்தான். கன்டெய்னர் திறக்கும்போது நாலு மூலையிலும் நடுவிலும் சேர்த்து 500 கிலோ எடுத்துத் தனியாக உருக்கிப் பார்ப்பது நல்ல பழக்கம். கதவு ஓரத்தில் இருக்கும் சரக்கு எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

பணப்புழக்கம் இன்னொரு விஷயம். 22 டன் கன்டெய்னர் ஒன்றுக்குச் சரக்கு விலை மட்டும் 42 லட்சம்; துறைமுகத்தில் 18% ஐஜிஎஸ்டி ஏழரை லட்சம் கையிலிருந்து போகும். பிறகு கிரெடிட் கிடைக்கும், ஆனால் அதுவரை அது உங்கள் பணம். ஏற்றும் நாட்டில் கதிர்வீச்சும் வெடிபொருளும் இல்லை என்ற ஆய்வுச் சான்றிதழ், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஆவணம் இவற்றில் ஒன்று குறைந்தாலும் பெட்டி சரக்குப் பெட்டக நிலையத்திலேயே நிற்கும். இலவச நாள் முடிந்ததும் வாடகையும் டிடென்ஷனும் (பெட்டியைத் தாமதமாகத் திருப்புவதற்கான கட்டணம்) டாலரில் ஓடும். எண்ணூர், மணலி சாலையில் டிரெய்லர் வரிசை எப்படி என்று வடசென்னைக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதில் போகும் ஒரு நாளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய அபாயம், சரக்கு கடலில் இருக்கும்போது விலை சரிவது. உக்ரைன் போர் தொடங்கியதும் 2022 மார்ச்சில் எல்எம்இ 4,000 டாலரைத் தாண்டியது. அதே செப்டம்பர் கடைசிக்குள் 2,200-க்குக் கீழே வந்துவிட்டது. உச்சத்தில் விலை பேசிய பெட்டி இறங்கும்போது, பக்கத்துப் பட்டறைக்காரர் புது இங்காட்டையே உங்கள் ஸ்கிராப் விலைக்கு வாங்கிக்கொண்டிருப்பார். எம்சிஎக்ஸ் பண்டச் சந்தையில் ஒரு டன் அலுமினியம் மினி ஒப்பந்தம் இருக்கிறது, அதை விற்றுவைத்துக் காப்புத் தேடலாம். ஆனால் அது முதன்மை அலுமினியத்தின் விலை. டென்ஸ் விலை அதோடு கைகோத்து நடப்பதில்லை. எல்எம்இ பத்து ரூபாய் ஏறினால் ஸ்கிராப் ஆறு ஏறலாம், சில சமயம் பதினொன்றும் ஏறலாம்.

இப்போது அந்த உறவு மேலும் முறுக்கிக்கொண்டிருக்கிறது. அமெரிக்கா 2025 மார்ச்சில் அலுமினியத்துக்கு 25% வரி போட்டு, ஜூனில் அதை 50% ஆக்கியது. ஸ்கிராப்பை மட்டும் விட்டுவிட்டது. வரி இல்லாத ஸ்கிராப்பை வாங்கி உள்ளூரில் உருக்குவது அமெரிக்க ஆலைக்கே லாபமாகிவிட்டதால், முன்பு இங்கே வந்த சரக்குக்கு அங்கேயே ஆள் இருக்கிறது. ஐரோப்பாவின் புதிய கழிவு ஏற்றுமதி விதியும் 2027 மே மாதத்திலிருந்து, இந்தியா போல ஓஇசிடி அமைப்பில் சேராத நாடுகளில் அனுமதிப் பட்டியலில் உள்ளவற்றுக்கு மட்டுமே ஸ்கிராப்பை விடும். ஒரே நாட்டுச் சரக்கை நம்பி உலை வாங்குவது இந்தச் சமயத்தில் புத்திசாலித்தனம் அல்ல.

காயலான்கடைச் சரக்கு

கொடுங்கையூர் குப்பைக் கிடங்கிலிருந்தும் தெருத்தெருவாகவும் சேரும் சரக்கு வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைக் கடைகளில் கைமாறி வருகிறது. கப்பல் இல்லை, டாலர் இல்லை, பார்த்துப் பொறுக்கி வாங்கலாம், அன்றைக்கே உருக்கலாம். 175-க்கு வாங்கி 85% தேறினால், பிரிப்பு, டீசல் போன்ற செலவும் சேர்த்து உருகிய உலோகம் 231 ரூபாய்க்கு நிற்கும். காகிதத்தில் இதுதான் மலிவு.

வரிப் பக்கத்தில் ஒரு மாற்றம்: 2024 அக்டோபர் 10 முதல், ஜிஎஸ்டி பதிவில்லாதவரிடம் உலோக ஸ்கிராப் வாங்கினால் வரியை வாங்குபவரே கட்ட வேண்டும், பதிவுள்ளவரிடம் வாங்கினால் வரம்புக்கு மேல் 2% பிடித்தம் செய்ய வேண்டும். "பில் இல்லாம குடுங்கண்ணே" என்று வாங்கிய காலத்துக் கணக்கு இனி தணிக்கையில் இடிக்கும்.

சரக்குப் பக்கத்தில் பிரச்சினை துத்தநாகமும் ஈயமும். பழைய கார்புரேட்டர், பூட்டு, கைப்பிடி எல்லாம் பார்க்க அலுமினியம் மாதிரியே இருக்கும், துத்தநாக வார்ப்பு. கையில் எடுத்தால் இரண்டரை மடங்கு கனம், அதுதான் அடையாளம். ஏடிசி12-இல் துத்தநாகத்துக்கு வரம்பு 1%. 500 கிலோ உலையில் ஐந்து கிலோ துண்டு தவறி விழுந்தால், அது மட்டுமே அந்த வரம்பைத் தின்றுவிடும். பிரித்துக்கொடுக்கும் ஆளின் கைதான் இங்கே ஸ்பெக்ட்ரோ. அவருக்குக் கிலோ கணக்கில் கூலி கொடுத்தால் வேகம்தான் வரும், சுத்தம் வராது; நாள்கூலி கொடுங்கள்.

இந்தச் சரக்கைச் சமையல் பாத்திரத்துக்கு உருக்கவே கூடாது. வார்ப்புக் கலவையில் ஈயம் எவ்வளவு ஏறியிருக்கும் என்று ரிப்போர்ட் இல்லாமல் யாரும் சொல்ல முடியாது.

உலைக்குள் என்ன கெடும்

ஸ்கிராப் உருக்குபவரின் நிரந்தர எதிரி இரும்பு. ஒருமுறை கரைந்துவிட்டால் பட்டறை அளவில் பிரித்தெடுக்க வழியில்லை; நீர்க்கச் செய்யத்தான் முடியும். அதே சமயம் பிரஷர் டை காஸ்டிங்கில் இரும்பு அறவே இல்லாமலும் கூடாது, 0.7, 0.8%-க்குக் கீழே போனால் உலோகம் எஃகு அச்சோடு ஒட்டிக்கொள்ளும். ஏடிசி12-க்கு மேல் வரம்பு 1.3%. அந்தச் சிறு சந்துக்குள்தான் ஓட்ட வேண்டும்.

500 கிலோ உருக்கில் இரும்பு 1.6% வந்துவிட்டது, 1.2-க்கு இறக்க வேண்டும். 0.15% இரும்புள்ள முதன்மை இங்காட் போட்டால் 190 கிலோ தேவை. அப்போது 10.5%-ஆக இருந்த சிலிக்கான் 7.6-க்கு இறங்கிவிடும், அதை 10%-க்குத் தூக்க இன்னும் 18 கிலோ சிலிக்கான். ஒரு தவறான லோடு எவ்வளவு பணத்தைக் கரைக்கிறது பாருங்கள். இதற்கு மலிவான மாற்று பழைய அலாய் வீல்: அது ஏ356 வகை, இரும்பு குறைவு, சிலிக்கான் 7% உள்ளேயே இருக்கிறது. அதே 190 கிலோ வீல் போட்டால் சிலிக்கான் 9.5%-இல் நிற்கும், கீழ் வரம்பான 9.6-க்கு ஒரு கைப்பிடி போதும். ஓரத்தில் ஒட்டிய ஈய எடையையும் வால்வையும் கழற்றிவிட வேண்டும். குரோமியம் பூசிய வீல் வேண்டாம். வீலில் இருக்கும் மெக்னீசியம் ஏடிசி12-இன் 0.3% வரம்பைத் தொடாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

இரும்பை மட்டும் பார்த்தால் போதாது. இரும்பு, இரண்டு மடங்கு மாங்கனீசு, மூன்று மடங்கு குரோமியம் இந்த மூன்றின் கூட்டுத்தொகை 1.8-ஐ ஒட்டினால், காத்திருப்பு உலை (உருகிய உலோகத்தைச் சூடாக வைத்திருப்பது) குளிரும்போது அடியில் கசடு படியும். இரும்பு 1.1, மாங்கனீசு 0.25, குரோமியம் 0.06 என்றால் 1.78. இது விளிம்பு. ராத்திரி உலையை 640 டிகிரிக்கு விட்டுவிட்டுப் போனால் காலையில் அடியில் கெட்டியாக இருக்கும். அதைக் கிளறி ஊற்றினால் அந்தக் கடினப் பொடி வார்ப்புக்குள் போய் எந்திரக் கடைசலில் டூல் முனையை உடைக்கும். அப்போது வாடிக்கையாளர் திட்டுவது டூல்காரரை அல்ல.

அடுத்து வாயு. உருகிய அலுமினியத்தில் கரையக்கூடிய ஹைட்ரஜனின் அளவு, உறையும்போது ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காகச் சுருங்கும். மிச்சம் குமிழாக உள்ளே நிற்கும். எண்ணூர்க் கடற்காற்றின் ஈரத்தில் இது இரட்டிப்புத் தொல்லை. 750 டிகிரிக்கு மேல் சூடேற்ற வேண்டாம். உலர்ந்த நைட்ரஜனைச் சுழலும் கிராஃபைட் தண்டு வழியாகப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் விடுங்கள். குளோரின் மாத்திரை மலிவுதான். அதன் புகையைச் சுவாசிப்பது கரண்டி பிடிக்கும் ஆளும் பக்கத்துத் தெருவும்.

ஈரச் சரக்கை உருகிய உலோகத்துக்குள் தள்ளுவது வெடிகுண்டு. நீர் ஆவியாகும்போது ஆயிரத்து அறுநூறு மடங்கு விரியும். ஷாக் அப்சார்பர், மூடிய குழாய், ஸ்ப்ரே டப்பா எல்லாம் வெட்டித் திறக்காமல் உலைக்குப் போகக் கூடாது. இங்காட்டைக்கூட உலை விளிம்பில் 150 டிகிரிக்குச் சூடாக்கிய பிறகே இறக்க வேண்டும்.

கசடு யாருடைய தலைவலி

இங்காட்டில் மேலே எடுக்கும் கசடு ஓரிரண்டு சதவீதம். கலப்பு ஸ்கிராப்பில் ஐந்தாறு. எண்ணெய் பிடித்த கடைசல் துருவலில் பதினைந்து வரைகூடப் போகும். கசடில் அலுமினியம் நைட்ரைடு இருக்கிறது. அதன் மேல் மழை பட்டால் அமோனியா வாடை கிளம்பும், சூடேறும், ஹைட்ரஜனும் வரும். ஐப்பசியில் தார்ப்பாய் போட்டு மூடிய கசடுக் குவியலிலிருந்து மூத்திர வாடை வருகிறது என்று அக்கம்பக்கத்தார் புகார் கொடுப்பது இதனால்தான். 2016 அபாயகரக் கழிவு விதிகளில் இந்தக் கசடு பட்டியலில் இருக்கிறது. அனுமதி பெற்ற பதப்படுத்துபவருக்கு மட்டும் ரசீதோடு கொடுக்க வேண்டும். மணலி ஏற்கெனவே 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கடும் மாசுப் பட்டியலில் இடம்பெற்ற ஊர். இங்கே ஸ்கிராப் உலைக்குப் புது அனுமதி வாங்குவது இங்காட் உருக்கும் உலைக்கு வாங்குவதைவிடக் கடினம், புகை வடிகட்டிச் செலவும் கூடுதல். ஸ்கிராப் கணக்கில் இதைச் சேர்க்காதவர்கள் அதிகம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நிலக்கரி மின்சாரத்தில் உருவாகும் முதன்மை அலுமினியம் டன்னுக்குப் பதினாறு முதல் இருபது டன் கரியமிலவாயுவை வெளியிடுகிறது. நீர்மின்சாரத்தில் நாலு டன் அளவு. ஸ்கிராப்பில் ஒரு டன்னுக்குக் கீழே. ஐரோப்பாவின் சிபாம் கரி வரி 2026 ஜனவரி 1 முதல் அலுமினியப் பொருள்களுக்கு நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அலுமினியத்தில் அது நேரடி வெளியேற்றத்தை மட்டும்தான் எண்ணுகிறது, மின்நிலையப் புகையை அல்ல. நம் பட்டறை வார்ப்பு வாகன உதிரிபாகமாகச் சுங்கப் பட்டியலின் 87-ஆம் அத்தியாயத்தில் போனால் இப்போதைக்கு அந்த வளையத்துக்குள்ளேயே வராது. இருந்தாலும் ஏற்றுமதி செய்யும் வாகன நிறுவனங்கள் தங்கள் சொந்தக் கணக்குக்காகக் கேள்வித்தாள் அனுப்பத் தொடங்கிவிட்டன. ஏடிசி12 விற்பவரிடம் மறுசுழற்சி பங்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிவைப்பது செலவில்லாத வேலை.

யாருக்கு எது

மாதம் இருபது டன்னுக்குக் கீழே, சொந்த ஸ்பெக்ட்ரோ இல்லை என்றால் ஏடிசி12 இங்காட். மறு யோசனை வேண்டாம். வெளி லேபில் மாதிரி கொடுத்து ரிப்போர்ட் வருவதற்குள் உலை காத்திருக்கும் டீசலே உங்கள் மிச்சத்தைத் தின்றுவிடும். இங்காட் விற்பவரிடம் ஒவ்வொரு கட்டுக்கும் உருக்கு எண்ணும் ரிப்போர்ட்டும் கேளுங்கள். மாதம் ஒரு கட்டையாவது அறுத்து வெளி லேபுக்கு அனுப்புங்கள். அறுத்த முகத்தில் குமிழ்த் துளையோ கறுப்புப் புள்ளியோ தெரிந்தால் ரிப்போர்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் திருப்பிவிடலாம்.

இருபதுக்கு மேல், ஸ்பெக்ட்ரோவும் பிரித்தறியும் இரண்டு கைதேர்ந்த ஆட்களும் இருந்தால், பாதிக்குப் பாதி நல்ல ஏற்பாடு: அடிப்படை ஏடிசி12 இங்காட், அதோடு பார்த்து வாங்கிய உள்ளூர் எஞ்சின் வார்ப்பு, இரும்பைச் சமன்செய்யக் கொஞ்சம் வீல். இரும்பு ஏறினால் அடுத்த உருக்கில் இங்காட்டைக் கூட்டிச் சரிசெய்துகொள்ளலாம். சொந்த ரன்னர், பிஸ்கட் (வார்ப்போடு உறைந்து, வெட்டி நீக்கும் மிச்ச உலோகம்) திரும்ப உருகுவதைத் தனிக் கணக்காக வையுங்கள். பிரஷர் டை காஸ்டிங்கில் ஒவ்வொரு ஷாட்டிலும் நாற்பது ஐம்பது சதவீதம் அதுதான், அதைக் கலந்தால் தேறுமானக் கணக்கு பொய் சொல்லும்.

கன்டெய்னர் ஸ்கிராப் ஐம்பது டன்னுக்கு மேல் உருக்கி, இரண்டு மூன்று பெட்டிப் பணத்தை அசையாமல் தாங்கக்கூடியவருக்கு மட்டும். அதிலும் முதல் வருஷம் ட்விட்ச் போன்ற பிரித்த சரக்கோடு தொடங்குவது நல்லது. கிலோவுக்குச் சில ரூபாய் கூடுதலானாலும் தேறுமானம் நிலையாக இருக்கும்.

எந்த வழியானாலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை இங்காட் பங்கைக் கூட்டி ஸ்கிராப்பைக் குறைப்பது வடசென்னைக்கு ஏற்ற ஏற்பாடு. திறந்தவெளிக் களத்தில் ஒரு வாரம் மழையில் ஊறிய டென்ஸை உலர்த்தும் டீசலும், அது தரும் கூடுதல் கசடும், வெயில் காலத்தில் சேர்த்த பதினாலு ரூபாயை மூன்று மாதத்தில் திருப்பி வாங்கிக்கொள்ளும்.